அன்சிபிள் பிளேபுக்கை எத்தனை முறை ஓட்டினாலும் மஞ்சள்தான்: எழுதும் முறையை எங்கிருந்து திருத்துவது?

கல்லடிப்பாலம் (கேள்வி)

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து 7 சேர்வர்களைப் பராமரிக்கிறோம். 5 சிங்கப்பூரில் உள்ள விபிஎஸ் (வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சேர்வர்). மற்ற 2ம் சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலை அலுவலகத்துக்குள் இருக்கும் பெட்டிகள். நெல் கொள்வனவுக் கணக்கும் தராசுச் சீட்டும் அவற்றில்தான் ஓடுகின்றன. எல்லாம் உபுண்டு 22.04, ஒரு விபிஎஸ் மட்டும் 24.04.

முன்பிருந்த பாஷ் ஸ்கிரிப்ட்களை அன்சிபிளுக்கு (பல சேர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி; அதற்கு எழுதும் வேலைப் பட்டியல் பிளேபுக், அதன் ஒவ்வொரு படியும் டாஸ்க்) மாற்றியிருக்கிறோம். மாற்றினோம் என்பதைவிட, ஸ்கிரிப்டை அப்படியே யாமலுக்குள் (பிளேபுக் எழுதும் ஃபைல் வடிவம்) ஊற்றியிருக்கிறோம் என்பதுதான் சரி. ஒரே ஃபைல், 600 வரிக்கு மேல், பாதிக்குமேல் ஷெல் மொடியூல் (கொடுத்த கட்டளையை அப்படியே ஓட்டும் அன்சிபிள் பகுதி). இப்போதைய சிக்கல்கள்:

ஒன்று, ஒன்றையும் மாற்றாமல் மறுபடி ஓட்டினாலும் 19 டாஸ்க் "சேஞ்ச்ட்" என்று மஞ்சளில் வருகிறது.

இரண்டு, எஸ்எஸ்எச்சில் (தூரத்திலிருந்து சேர்வருக்குள் போகும் வழி) பாஸ்வேர்ட் லொகினை நிறுத்தும் டாஸ்க் பச்சையாக "ஓகே" காட்டுகிறது. ஆனால் பாஸ்வேர்ட் கொடுத்து இன்னும் உள்ளே போக முடிகிறது.

மூன்று, ஓட்டம் நடுவில் எரர் வந்து நின்றது. அந்த டாஸ்க்கைத் திருத்தி மறுபடி ஓட்டியதும் முழுதும் பச்சை. ஆனால் வெப் சேர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸ் பழைய கொன்பிக்கில்தான் (அமைப்பு ஃபைல்) ஓடுகிறது. டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் புதியது.

இரண்டு பேர் வேலை செய்கிறோம். ஒருவர் லினக்ஸ், மற்றவர் விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்). எந்த ஒழுங்கில் திருத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

மருதமுனை_நெட்

தம்பி, முதலாவதுதான் வேர். இரண்டாவது ஓட்டத்தின் கடைசிச் சுருக்கத்தில் "சேஞ்ச்ட்" 0 வராத பிளேபுக் இன்னும் ஸ்கிரிப்ட்தான், யாமல் உடுப்புப் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். இதை அழகுக்காகச் சொல்லவில்லை. 19 மஞ்சள் பழகிவிட்டால், யாராவது சேர்வருக்குள் கையால் போய் எதையாவது மாற்றியிருந்தாலும் 20ஆவது மஞ்சளை ஒருவரும் கவனிக்கமாட்டீங்க.

ஷெல், கொமாண்ட் இரண்டு மொடியூலுக்கும் நீங்க கொடுத்த கட்டளை உள்ளே என்ன செய்தது என்று தெரியாது. அதனால் எப்போதும் சேஞ்ச்ட் என்றே சொல்லும். அந்த 19ஐயும் எடுத்து வைத்து ஒவ்வொன்றாகப் பிரிங்க. பெரும்பாலானவற்றுக்குச் சொந்த மொடியூல் இருக்கும்: யூசர் சேர்ப்பதற்கு யூசர், பக்கேஜுக்கு ஆப்ட், சேர்விஸுக்கு சிஸ்டம்டி, கிரொன்டாப்புக்கு (நேரம் குறித்து ஓடும் வேலைப் பட்டியல்) கிரொன். கிரொன்டாப்புக்குள் எக்கோ போட்டு வரி சேர்க்கும் ஷெல் டாஸ்க் இருந்தால் இன்றைக்கே தூக்குங்க. அது ஓட்டத்துக்கு ஒரு வரி கூட்டிக்கொண்டே போகும், பிறகு பக்கப் ஒரே நிமிடத்தில் நாலு தடவை ஓடும்.

மொடியூல் இல்லாத, எதையாவது வாசித்துப் பார்க்க மட்டுமே ஓடும் கட்டளைகளுக்கு (பதிப்பு எண் பார்ப்பது, நிலை கேட்பது) சேஞ்ச்ட்-வென் (எப்போது சேஞ்ச்ட் என்று காட்டுவது என்ற நிபந்தனை) என்பதை ஃபால்ஸ் ஆக்குங்க. உண்மையிலேயே ஒரு தடவை மட்டும் நடக்க வேண்டியவை, உதாரணமாக டேட்டாபேஸில் முதல் தரவை ஏற்றுவது போன்றவைக்கு, கிரியேட்ஸ் (இந்த ஃபைல் இருந்தால் கட்டளையைத் தாண்டு என்ற தெரிவு) கொடுங்க. ஆனால் கிரியேட்ஸ் பார்ப்பது அந்த ஃபைல் இருக்கிறதா என்பதை மட்டும்தான். கட்டளை பாதியில் செத்து அந்த ஃபைலை மட்டும் விட்டுப் போயிருந்தால், அடுத்த ஓட்டம் "வேலை முடிந்தது" என்று தாண்டிவிடும். அதனால் கட்டளை வெற்றியாக முடிந்த பிறகே உருவாகும் ஓர் அடையாள ஃபைலை வைத்து, கிரியேட்ஸை அதற்குக் காட்டுங்க.

லைன்-இன்-ஃபைல் (ஃபைலில் ஒரு வரியை மட்டும் மாற்றும் மொடியூல்) பாவித்திருந்தால் அதன் ரெஜெக்ஸை (வரியைத் தேடும் மாதிரி) பாருங்க. தொடக்கத்தில் ஹேஷ் (வரியைச் செயலற்றதாக்கும் # குறி) உள்ள வரியை மட்டும் தேடும் ரெஜெக்ஸ், முதல் ஓட்டத்தில் அந்த வரியை ஹேஷ் இல்லாத வரியாக மாற்றிவிடும். ஆறு மாதம் கழித்து 100ஐ 200 ஆக்கினால் ரெஜெக்ஸுக்குப் பழைய வரி அகப்படாது. ஃபைலின் அடியில் புதிதாக ஒன்று சேரும். ஃபைலில் இரண்டு பெறுமதி இருக்கும், எது செல்லும் என்பது அந்தந்த மென்பொருளைப் பொறுத்தது. ஹேஷ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருந்தும்படி எழுதுங்க. ஒரே ஃபைலில் மூன்று வரிக்கு மேல் மாற்ற வேண்டி வந்தால் லைன்-இன்-ஃபைலை விட்டு முழு ஃபைலையும் டெம்பிளேட் (பெறுமதிகளை நிரப்பி ஃபைலை எழுதும் அச்சு) ஆக்குங்க.

இப்போது மூன்றாவது சிக்கல். இது பலரைக் கடிக்கும், விளக்கமாகவே சொல்கிறேன். டெம்பிளேட் டாஸ்க் ஃபைலை மாற்றியது, ரீலோட் ஹேண்ட்லருக்கு (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்) தகவல் கொடுத்தது, அதாவது நோட்டிஃபை. ஹேண்ட்லர் அந்த இடத்திலேயே ஓடாது, பிளேயின் (பிளேபுக்கின் ஒரு பகுதி) கடைசியில்தான் ஓடும். இடையில் வேறொரு டாஸ்க் விழுந்ததும் அந்த ஹோஸ்ட் வெளியே போய்விட்டது, ஹேண்ட்லரும் ஓடவில்லை. நீங்க திருத்தி மறுபடி ஓட்டும்போது டெம்பிளேட் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. டாஸ்க் "ஓகே", தகவல் போகாது. இனி எத்தனை தடவை ஓட்டினாலும் ரீலோட் நடக்காது. எல்லாம் பச்சை, சேர்வர் மட்டும் பழையது.

உடனடி மருந்து: எல்லா வெப் சேர்வரிலும் ஒருமுறை கையால் ரீலோட் கொடுங்க. நிரந்தர மருந்து: பிளேயில் ஃபோர்ஸ்-ஹேண்ட்லர்ஸை (டாஸ்க் விழுந்தாலும் ஹேண்ட்லரை ஓட்டும் தெரிவு) ட்ரூ ஆக்குங்க. அதோடு என்ஜின்எக்ஸ் பகுதி முடியும் இடத்தில் மெட்டா டாஸ்க்காக ஃப்ளஷ்-ஹேண்ட்லர்ஸ் (காத்திருக்கும் ஹேண்ட்லர்களை அங்கேயே ஓட்டுவது) வையுங்க. ஃபோர்ஸ் மட்டும் போதாது, லைன் அறுந்து ஹோஸ்ட் "அன்ரீச்சபிள்" ஆனால் அதனாலும் ஒன்றும் செய்ய முடியாது. ஃப்ளஷ், ரீலோட் காத்திருக்கும் நேரத்தைக் குறைத்துவிடும்.

இன்னுமொன்று. ஒரு சைட்டின் கொன்பிக் ஃபைலுக்கு டெம்பிளேட்டின் வேலிடேட்டில் (ஃபைலை வைக்கும் முன் சோதிக்கும் தெரிவு) என்ஜின்எக்ஸ் சோதனையைப் போடாதீங்க. அது துண்டு ஃபைல், தனியாகச் சோதித்தால் விழத்தான் செய்யும். சோதனையை முதல் ஹேண்ட்லராகவும் ரீலோடை இரண்டாவதாகவும் எழுதி இரண்டுக்கும் நோட்டிஃபை கொடுங்க. ஹேண்ட்லர்கள் நீங்க நோட்டிஃபை செய்த வரிசையில் ஓடாது, ஹேண்ட்லர் பகுதியில் எழுதியிருக்கும் வரிசையில்தான் ஓடும்.

---

வந்தாறுமூலை_லினக்ஸ்

நானா ஹேண்ட்லரைப் பற்றிச் சொன்னது முழுதும் சரி. நான் எஸ்எஸ்எச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் அது திறந்து கிடக்கும் கதவு.

உபுண்டு 22.04இல் எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சேர்வர் பக்க நிரல்) கொன்பிக் ஃபைலின் தொடக்கத்திலேயே ஓர் இன்க்ளூட் வரி இருக்கிறது. அது எஸ்எஸ்எச்டி_கொன்பிக்.டி என்ற கோப்புறையில் உள்ள ஃபைல்களை உள்ளே இழுக்கும். எஸ்எஸ்எச்டி ஓர் அமைப்பை முதலில் எங்கே காண்கிறதோ அதைத்தான் எடுக்கும், பின்னால் வருவதைப் புறக்கணிக்கும். விபிஎஸ் இமேஜ்கள் பலவற்றில் கிளவுட்-இனிட் (புதிய விபிஎஸ் முதலில் எழும்பும்போது அதை அமைக்கும் நிரல்) அந்தக் கோப்புறையில் 50 என்று தொடங்கும் ஒரு ஃபைலை வைத்து, பாஸ்வேர்ட் லொகினுக்கு "யெஸ்" போட்டிருக்கும். நீங்கள் பிரதான ஃபைலில் "நோ" என்று எழுதினீர்கள், அன்சிபிள் அந்த வரி இருக்கிறது என்று "ஓகே" சொன்னது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எஸ்எஸ்எச்டி அந்த வரிக்கு வரும் முன்பே முடிவெடுத்துவிட்டது.

பிரதான ஃபைலைத் தொடாதீர்கள். அதே கோப்புறைக்குள் 10 என்று தொடங்கும் பெயரில் உங்கள் சொந்த ஃபைலை டெம்பிளேட்டாக வையுங்கள். பெயர் வரிசையில் 10 முன்னால் வருவதால் அது வெல்லும். டெம்பிளேட்டுக்கு வேலிடேட் கொடுங்கள்: எஸ்எஸ்எச்டியைச் சிறிய டி தெரிவுடன், எஃப் தெரிவில் தற்காலிக ஃபைலைக் காட்டி. எஸ்எஸ்எச்டியின் முழுப் பாதையையும் எழுத வேண்டும், யூஎஸ்ஆருக்குள் எஸ்பின் என்று. வெறும் பெயரைக் கொடுத்தால் முழுப் பாதை வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும்.

பிறகு முக்கியமான படி. ஃபைலில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதை நிறுத்தி, சேர்வர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். எஸ்எஸ்எச்டியைப் பெரிய டி தெரிவுடன் ரூட்டாக ஓட்டினால், எல்லா ஃபைலையும் வாசித்த பின் எந்தப் பெறுமதி செல்லுபடியாகும் என்று அச்சிடும். அதை ஒரு டாஸ்க்காகப் போட்டு, வெளியீட்டில் பாஸ்வேர்ட் ஒதன்டிகேஷன் "நோ" என்று இல்லாவிட்டால் அசேர்ட் மொடியூலால் பிளேயை நிறுத்துங்கள். ஃபைர்வோல், டேட்டாபேஸ் எதுவானாலும் இதே பழக்கம்தான்: எழுதுவது ஒரு டாஸ்க், உண்மையில் அப்படித்தான் ஓடுகிறதா என்று கேட்பது இன்னொரு டாஸ்க்.

உங்கள் 24.04 பெட்டிக்கு ஒரு வித்தியாசம். அதில் எஸ்எஸ்எச் சிஸ்டம்டி சொக்கட் (இணைப்பு வரும்போது சேர்விஸை எழுப்பும் முறை) வழியாக எழும்புகிறது. போர்ட் எண்ணை மாற்றினால் சேர்விஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பலனில்லை. டீமன்-ரீலோட் கொடுத்து, எஸ்எஸ்எச் சொக்கட்டை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

சம்மாந்துறைப் பெட்டிகளில் இதைச் செய்யும்போது ஏற்கெனவே திறந்த ஒரு செஷனை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு ஜன்னலிலிருந்து புதிதாக லொகின் செய்து பார்த்த பிறகே விடுங்கள். ஆலை பூட்டிய பிறகு எஸ்எஸ்எச் போனால் விடியும்வரை ஒருவரும் மொனிட்டர் பொருத்தித் தரமாட்டார்கள். யூஎஃப்டபிள்யூ ஃபைர்வோலும் அப்படித்தான்: எஸ்எஸ்எச்சை அனுமதிக்கும் டாஸ்க் முன்னால், இனேபிள் செய்யும் டாஸ்க் பின்னால். டாஸ்க்குகளை அகரவரிசைப்படுத்த யாராவது ஆசைப்பட்டால் இந்த இரண்டையும் தொடவிடாதீர்கள்.

ஃபைல் அனுமதியையும் சரிபாருங்கள். மோட் என்பதற்கு மேற்கோள்குறி இல்லாமல் 644 என்று எழுதினால் யாமல் அதைச் சாதாரணப் பத்தடிமான எண்ணாக எடுக்கும். 644இன் எட்டடிமான வடிவம் 1204. அதாவது உரிமையாளருக்கு எழுத மட்டும், குழுவுக்கு ஒன்றுமில்லை, மற்ற எல்லோருக்கும் வாசிக்க, மேலே ஒரு ஸ்டிக்கி பிட். பாஸ்வேர்ட் உள்ள ஃபைலுக்கு 600 என்று இப்படி எழுதினாலும் இதே வகைக் குழப்பம்தான். எப்போதும் முன்னால் பூச்சியம் போட்டு, மேற்கோளுக்குள்: '0644', '0600'. பதிப்பு எண்களையும் மேற்கோளுக்குள் வையுங்கள். 3.10 என்று வெறுமனே எழுதினால் அது 3.1 ஆகிவிடும்.

டபிள்யூஎஸ்எல்லில் வேலை செய்பவருக்கு: ரெப்போவை (கோட் இருக்கும் கிட் கோப்புறை) சி டிரைவில் வைக்கக் கூடாது. அங்கே கோப்புறைகள் எல்லோரும் எழுதக்கூடியவையாகத் தெரிவதால், அந்தக் கோப்புறையில் உள்ள அன்சிபிள்.சிஎஃப்ஜி ஃபைலை அன்சிபிள் பாதுகாப்புக்காக வாசிக்காமல் விட்டுவிடும். ஒரே ரெப்போ, இரண்டு பேருக்கு இரண்டு விதமாக நடக்கும். லினக்ஸ் பக்க ஹோம் கோப்புறைக்குள் குளோன் செய்யட்டும். கிட்-அட்ரிபியூட்ஸ் ஃபைலில் வரிமுடிவை எல்எஃப் (லினக்ஸ் முறை) என்று கட்டாயப்படுத்துங்கள். விண்டோஸ் வரிமுடிவுடன் போன ஷெல் ஸ்கிரிப்ட் சேர்வரில் "இன்டர்பிரட்டர் இல்லை" என்று விழும்.

---

கல்லடிப்பாலம்

மிக்க நன்றி. பெரிய டி தெரிவில் "யெஸ்" என்றுதான் வந்தது, கிளவுட்-இனிட் ஃபைலும் அங்கே இருந்தது. 10 ஃபைல் வைத்ததும் 7லும் "நோ". என்ஜின்எக்ஸும் சரி.

அடுத்த கேள்விகள். பிளேபுக்கை றோல்களாக (ஒரு வகை வேலைக்கான டாஸ்க்குகளின் தொகுப்பு) பிரிக்க வேண்டுமா, 7 சேர்வருக்கு அது அதிகமா? வேலையை விட்டுப் போன ஒருவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம், ஆனால் அவருடைய எஸ்எஸ்எச் கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலான சாவி) இன்னும் சேர்வரில் இருக்கிறது, ஏன்? டேட்டாபேஸ் பாஸ்வேர்ட்கள் வேரியபிள் ஃபைலில் வெறும் எழுத்தாகக் கிடக்கின்றன. ஆலைப் பெட்டிகள் 4ஜி ரவுட்டருக்குப் பின்னால், நிலையான ஐபி கிடையாது. மாரி காலத்தில் கரண்ட் போகும், லைன் அறும், ஓட்டம் பாதியில் நிற்கும்.

---

வாவிக்கரை

கீயிலிருந்து தொடங்குகிறேன் தம்பி, அவசரம் அதுதான்.

அன்சிபிளுக்கு நேற்று என்ன எழுதியிருந்தீங்க என்ற ஞாபகம் கிடையாது. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால், "அந்தப் பெயரைப் பற்றி இனி ஒன்றும் சொல்லவில்லை" என்பதுதான் அதற்கு விளங்கும். அழிக்கச் சொன்னதாக எடுக்காது. என்ஜின்எக்ஸின் பழைய சைட் ஃபைல், பழைய கிரொன் வேலை, பழைய ஃபைர்வோல் விதி எல்லாவற்றுக்கும் இதே கதிதான். எடுக்க வேண்டியதை "அப்சென்ட்" என்ற நிலையுடன் எழுதுங்க. 7 சேர்வரிலும் ஓடி முடிந்த பிறகே அந்த வரியைக் கோடிலிருந்து நீக்குங்க. விட்டுப்போனவர்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்று வைத்திருப்பது நல்லது, அதை அழிக்கவே தேவையில்லை.

கீக்களுக்கு ஒத்தரைஸ்ட்-கீ மொடியூலில் எக்ஸ்க்ளூசிவ் என்று ஒரு தெரிவு உண்டு. பட்டியலில் இல்லாத கீ எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். ஆனால் லூப்புடன் சேர்த்துப் போடாதீங்க. ஒவ்வொரு சுற்றும் முந்தையதை அழித்து, கடைசியில் ஒரே ஒருவரின் கீ மட்டும் மிஞ்சும். அது உங்களுடையதாக இல்லாவிட்டால் நீங்க வெளியே. எல்லாக் கீக்களையும் வரிக்கு ஒன்றாக ஒட்டி, ஒரே டாஸ்க்கில் ஒரே பெறுமதியாகக் கொடுங்க.

பாஸ்வேர்ட்களுக்கு அன்சிபிள் வால்ட் (ரகசியங்களைப் பூட்டி வைக்கும் வசதி) போதும். முழு வேரியபிள் ஃபைலையும் பூட்டாதீங்க, பூட்டினால் எந்த வேரியபிள் எங்கே இருக்கிறது என்று தேடவே முடியாது. சாதாரண ஃபைலில் வேரியபிளின் பெயர், அதன் பெறுமதியாக வால்ட் என்று தொடங்கும் இன்னொரு பெயர், அந்த இரண்டாவது மட்டும் பூட்டிய ஃபைலில். அந்தப் பாஸ்வேர்ட் போகும் டாஸ்க்குகளுக்கு நோ-லொக் (வெளியீட்டை மறைக்கும் தெரிவு) கொடுங்க, டெம்பிளேட்டுக்கு டிஃப்பையும் (ஃபைலில் மாறியதைத் திரையில் காட்டுவது) ஃபால்ஸ் ஆக்குங்க. இல்லாவிட்டால் டிஃப் காட்டும்போது பூட்டியதெல்லாம் திரையில் வந்துவிடும். ஏற்கெனவே கிட்டில் ஏறிய பாஸ்வேர்ட்களை இப்போது பூட்டிப் பலனில்லை, பழைய கொமிட்டில் அவை அப்படியே இருக்கின்றன. டேட்டாபேஸிலேயே மாற்றி, புதியதைப் பூட்டுங்க.

றோல்: நாலு போதும். எல்லாப் பெட்டிக்கும் பொதுவானது, வெப், டேட்டாபேஸ், ஆலை. 7 சேர்வருக்கு 25 றோல் வைத்தால் ஃபைல் திறந்து மூடவே நேரம் போகும். மொலிக்யூல் போன்ற சோதனைக் கட்டமைப்பையும் இப்போதைக்கு விடுங்க, முதலில் பிழை தேடும் கருவிகளான யாமல்-லின்ட், அன்சிபிள்-லின்ட் இரண்டையும் கொமிட்டுக்கு முன் ஓட வையுங்க. மாறக்கூடிய பெறுமதிகளை றோலின் டிஃபோல்ட்ஸில் வையுங்க, வார்ஸில் வேண்டாம். டிஃபோல்ட்ஸ் மிகத் தாழ்ந்த படி, குரூப் வேரியபிள் அதை மேவும். வார்ஸில் வைத்தால் குரூப் ஃபைலில் என்ன எழுதினாலும் எடுபடாது, ஏன் என்று தெரியாமல் ஒரு பின்னேரமே போய்விடும். வேரியபிள் பெயருக்கு முன்னால் றோலின் பெயரைப் போடுங்க. இரண்டு றோலும் "போர்ட்" என்று ஒரே பெயரைப் பாவித்தால் ஒன்று மற்றதை விழுங்கும்.

லைன் பிரச்சினைக்கு: லப்டொப்பிலிருந்து நேரே ஓட்ட வேண்டாம். சிங்கப்பூரிலேயே சின்ன விபிஎஸ் ஒன்றைக் கட்டுப்பாட்டு இயந்திரமாக வைத்து, அதில் டீமக்ஸுக்குள் (இணைப்பு அறுந்தாலும் ஓட்டத்தைத் தொடர விடும் நிரல்) ஓட்டுங்க. கல்லடியில் கரண்ட் போனாலும் ஓட்டம் நிற்காது. ஒவ்வொரு டாஸ்க்குக்கும் எஸ்எஸ்எச் போய் வரும் தூரமும் குறையும். பைப்லைனிங்கையும் (டாஸ்க்குக்கான எஸ்எஸ்எச் வேலைகளைக் குறைக்கும் தெரிவு) ஓன் செய்தால் வேகம் நன்றாகவே தெரியும். வெப் சேர்வர்களுக்கு சீரியலை (ஒரு தடவைக்கு எத்தனை ஹோஸ்ட் என்பது) 1 ஆக்குங்க. ஒன்று விழுந்தால் அடுத்ததைத் தொடாமல் நின்றுவிடும். ஒன்றும் கொடுக்காவிட்டால் அன்சிபிள் 5 ஹோஸ்ட்டை ஒரேயடியாகப் பிடிக்கும், உங்களிடம் இருப்பதே 5.

ஆலைப் பெட்டிகளுக்கு அன்சிபிள்-புல் பொருந்தும். பெட்டியே கிட்டிலிருந்து இழுத்துத் தனக்குத் தானே ஓட்டும், நிலையான ஐபி தேவையில்லை. கிரொனில் இரவு ஒருமுறை போதும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை நெல் வந்து குவியும் நேரத்தில் பகலில் எதையும் ரீஸ்டார்ட் செய்யாதீங்க, தராசடியில் லொறிகள் வரிசையில் நிற்கும். "ரெப்போ மாறினால் மட்டும் ஓட்டு" என்ற தெரிவைத் தவிருங்க. ஒரு ஓட்டம் பாதியில் விழுந்தால், அடுத்த கொமிட் வரும்வரை அது மறுபடி முயலாது.

---

மருதமுனை_நெட்

வாவிக்கரை அக்கா சொன்னதில் புல் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. புல் செய்ய வால்ட்டின் பாஸ்வேர்ட் ஆலைப் பெட்டியிலேயே இருக்க வேண்டும். அலுவலக மேசைக்கடியில் இருக்கும் பெட்டி அது, யாரும் தூக்கிக்கொண்டு போகலாம். அதோடு இரவில் விழுந்தால் சொல்ல ஆளில்லை. வயர்கார்ட் டனல் (விபிஎன் இணைப்பு) ஒன்றை ஆலையிலிருந்து சிங்கப்பூர்க் கட்டுப்பாட்டு இயந்திரத்துக்குப் போட்டு, பெர்சிஸ்டன்ட்-கீப்அலைவை (இணைப்பு அறாமலிருக்க அனுப்பும் சைகையின் இடைவெளி) 25 விநாடி ஆக்கினால் 4ஜி ரவுட்டருக்குப் பின்னாலிருந்தும் நிற்கும். பிறகு மற்ற 5ஐப் போலவே இங்கிருந்து தள்ளலாம், வெளியீடு கண்முன்னே வரும்.

---

வாவிக்கரை

பெட்டி களவு போகும் விஷயம் நியாயம்தான். புல்லே வைப்பதென்றால் ஆலைக்கு மட்டும் தனி வால்ட்-ஐடி, தனிப் பாஸ்வேர்ட். ஆலையின் ரகசியங்களைத் தவிர வேறொன்றும் அதால் திறக்கக் கூடாது. ஆனால் டனல் வைக்க முடிந்தால் நானும் டனலையே வைப்பேன்.

---

கல்லடிப்பாலம்

டனலையே போடுகிறோம். கடைசியாக ஒன்று: செக் மோடில் (எதையும் மாற்றாமல் பார்க்கும் ஒத்திகை ஓட்டம்) ஓட்டினால் ஒரு டாஸ்க் "ஸ்டான்டர்ட் அவுட் என்ற பகுதி இல்லை" என்று விழுகிறது. நிஜமாக ஓட்டினால் பிரச்சினையே இல்லை.

---

வந்தாறுமூலை_லினக்ஸ்

அதற்கு முந்தைய டாஸ்க் ஷெல் அல்லது கொமாண்டாக இருக்கும், அதன் வெளியீட்டை ரெஜிஸ்டர் செய்து அடுத்ததில் பாவிக்கிறீர்கள். செக் மோடில் அன்சிபிள் அந்தக் கட்டளையை ஓட்டாமல் தாண்டிவிடும், ஆகவே வெளியீடே கிடையாது. அந்தக் கட்டளை வெறுமனே வாசிப்பது என்றால் அந்த டாஸ்க்கில் செக்-மோட் என்பதை ஃபால்ஸ் ஆக்குங்கள், சேஞ்ச்ட்-வென்னும் ஃபால்ஸ். செக் மோடிலும் அது உண்மையாக ஓடும். எதையாவது மாற்றும் கட்டளைக்கு இதைச் செய்யவே கூடாது. அதற்கு, பின்னால் வரும் டாஸ்க்கில் முந்தையது தாண்டப்படவில்லை என்றால் மட்டும் ஓடு என்று வென் நிபந்தனை போடுங்கள்.

அதே ஷெல் டாஸ்க்கில் பைப் (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்புவது) இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். பைப்பின் முதல் கட்டளை விழுந்தாலும் கடைசிக் கட்டளை வெற்றியென்றால் டாஸ்க் பச்சைதான். டம்ப் எடுத்து ஜிஸிப்புக்கு அனுப்பும் பக்கப் டாஸ்க்கில் இது 20 பைட் வெற்று ஃபைலைப் பக்கப் என்று காட்டும். தொடக்கத்தில் பைப்ஃபெயிலை (பைப்பில் எது விழுந்தாலும் தோல்வி என்று எடுக்கும் தெரிவு) செட் செய்து, எக்ஸிகியூட்டபிளாக பாஷின் பாதையைக் கொடுங்கள். உபுண்டுவில் ஷெல் மொடியூல் தானாக எடுப்பது பாஷ் அல்ல, டேஷ் என்ற வேறு ஷெல், 22.04இலும் 24.04இலும் அதற்குப் பைப்ஃபெயில் தெரியாது.